எலும்பு ஸ்லைடை நுண்ணோக்கியில் படிப்பது எப்படி?

காய்ந்த எலும்பைத் தேய்த்து மெலிதாக்கிய ஸ்லைடில் கருப்புப் புள்ளிகள் நிறையத் தெரியும். அவற்றை எலும்புச் செல்கள் என்று குறித்துவிடாதீர்கள். அவை செல்கள் குடியிருந்த வெற்று அறைகள். உள்ளே காற்று புகுந்திருப்பதால் கருப்பாகத் தெரிகின்றன. ஸ்லைடு இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேறு வகை: அமிலத்தால் சுண்ணாம்புச் சத்தை நீக்கிச் சாயமேற்றியது. அதில் செல்களையே பார்க்கலாம். இங்கே நாம் பார்க்கப்போவது முதல் வகை. தொடை எலும்புத் தண்டின் குறுக்குவெட்டு.

படி 1: 4 மடங்கு லென்ஸில் தொடங்குங்கள். வாழை மரத்தைக் குறுக்கே வெட்டினால் மட்டைகள் ஒன்றையொன்று சூழ்ந்திருக்குமே, அதுபோன்ற வட்டங்கள் தெரியும். இப்படி ஒன்றையொன்று சூழ்ந்த வட்டங்களின் தொகுதி ஒவ்வொன்றும் ஓர் ஆஸ்டியான், அதாவது எலும்பின் அடிப்படைக் கட்டுமான அலகு; ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலம். வட்டமாகத் தெரிந்தாலும் உண்மையில் அது எலும்பின் நீளவாக்கில் ஓடும் உருளை.

படி 2: நடுவிலுள்ள துளை ஹாவர்சியன் கால்வாய். ரத்தக் குழாய்களும் நரம்பும் செல்லும் வழி. 1691இல் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹாவர்ஸின் பெயரால் வழங்குகிறது. இரண்டு கால்வாய்களைக் குறுக்கே இணைப்பது வோல்க்மன் கால்வாய். அதைச் சுற்றி வளையங்கள் இராது.

படி 3: 10 மடங்கு, பிறகு 40 மடங்கு. ஸ்லைடு தடிமனாக இருக்கலாம். லென்ஸ் அதில் இடிக்காமலிருக்க, குவியத்தைச் சிறிது சிறிதாகச் சரிசெய்யும் நுண் திருகை மட்டும் தொடுங்கள். ஒளியைக் குறைக்க மறக்காதீர்கள். வெளிச்சம் அதிகமானால், பார்க்க வேண்டியதே மறைந்துவிடும். அந்தக் கருப்பு அறைகளிலிருந்து (லாக்குனாக்கள்) மயிரிழைபோன்ற கோடுகள் நாற்புறமும் பிரியும். அவை கனாலிகுலி என்னும் நுண்கால்வாய்கள். திருகை மெல்ல அசைத்தால் ஒரு கோடு மறைந்து இன்னொன்று எழும். இதற்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எனக்கு ஸ்லைடிலேயே பிடித்த இடம் இதுதான். கல்போல் இறுகிய தாதுவின் ஊடே உணவு ஊறிச் செல்ல முடியாது. சுவருக்குள் அடைபட்ட செல்கள் இந்தக் கோடுகள் வழியே கரம் நீட்டி, அண்டைச் செல்லைத் தொட்டுத்தான் உயிர் வாழ்கின்றன.

படி 4: வட்டங்களுக்கு இடையில் பாதி வளையங்கள் கிடக்கும். ஸ்லைடு பழுதென்று நினைக்க வேண்டாம். ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பைக் கரைக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிதாகக் கட்டுகின்றன. கரையாமல் எஞ்சிய பழைய ஆஸ்டியான்களின் துண்டுகளே அவை.

படம் வரையும்போது முழு ஆஸ்டியான் ஒன்றையும், அதை ஒட்டிய உடைந்த துண்டு ஒன்றையும் சேர்த்தே வரையுங்கள்.