எடைக் குறைப்பு ஊசி: முதல் வாரங்களில் வயிற்றைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கேரள-தமிழ்நாட்டு எல்லையில் பாலக்காட்டைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இப்போது வாராந்திர ஊசியைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. முன்னதில் இருக்கும் மருந்து டிர்செபடைட், பின்னதில் செமாகுளூடைட். எங்கள் வீட்டில் அக்கா போட்டுக்கொள்கிறார். சமையல் என் பொறுப்பு. மருத்துவர் சீட்டு எழுதித் தந்த பிறகு வீட்டில் செய்ய வேண்டியவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இந்த மருந்து பசியை அடக்குவதோடு, உணவு வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்கும் வேகத்தையும் குறைக்கிறது. காலையில் சாப்பிட்டதில் ஒரு பங்கு மதியமும் உள்ளேயே கிடக்கும். அதன்மேல் பழைய அளவில் சோறு விழுந்தால் குமட்டல், நெஞ்செரிச்சல், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஏப்பம், சில நேரம் வாந்தி. தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

படி 1: எல்லாச் சீட்டுகளையும் ஒரே உறையில் போடுங்கள்

எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இதுவே முதல் வேலை. சர்க்கரைக்குப் பாலக்காட்டில் ஒரு மருத்துவர், எடைக்குக் கோவையில் இன்னொருவர் என்று நம்மில் பலர் பார்க்கிறோம். ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படுவதில்லை. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்; பழைய மருந்தின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்: செமாகுளூடைட்டைக் கருத்தரிப்பதற்கு குறைந்தது 2 மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடியது.

படி 2: மருந்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள்

பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறைபெட்டியில் வைத்து உறைந்துபோனால் அந்த மருந்தை வீசிவிட வேண்டியதுதான். வெளியே வைக்க நேர்ந்தால் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. எத்தனை நாள் தாங்கும் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும். பங்குனி வெயிலில் கோவையிலிருந்து எல்லையிலுள்ள வாளையாறு வழியாக பஸ்ஸில் வருபவர்கள் குளிர்ப்பை எடுத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி மருந்தை நேரே தொடாதபடி நடுவில் ஒரு துணி இருக்கட்டும்.

படி 3: கிழமையை யோசித்து வையுங்கள்

பலருக்கு ஊசி போட்ட அடுத்த ஓரிரு நாட்களில்தான் குமட்டல் கூடுதலாக இருக்கும். அந்த நாட்கள் உங்களுக்கு ஓய்வாக அமையும்படி கிழமையைத் தேர்ந்தெடுங்கள். கல்பாத்தித் தேருக்கோ ஓண விருந்துக்கோ முந்தின நாள் ஊசி வேண்டாம். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டோ, தொடையிலோ போடலாம். வாரந்தோறும் இடத்தை மாற்றுங்கள்.

படி 4: தட்டைச் சிறிதாக்குங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். மூன்று வேளை நிறையச் சாப்பிடுவதை விட்டு, சிறு அளவாக நான்கைந்து முறை சாப்பிட வேண்டும். ஊசி போட்ட மறுநாள் அக்காவுக்குக் காலையில் ஒரு ராமசேரி இட்லி, எண்ணெய் ஊற்றாத பொடி, ஒரு வெந்த முட்டை. இட்லியை நான்காகப் பிய்த்து, ஒரு துண்டை மென்று விழுங்கிய பிறகே அடுத்ததைத் தொடுகிறார். மூன்றாவது துண்டில் சின்னதாக ஒரு ஏப்பமோ பெருமூச்சோ வரும். அங்கேயே கை கழுவிவிடுவார். "இன்னும் ஒரு வாய்" என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைப் பழகிக்கொள்ளுங்கள். மீதம் வைப்பதைக் குற்றமாகப் பேசினால் அவர் பேச்சுக்குப் பயந்து சாப்பிட்டு வாந்தி எடுப்பார்.

பரோட்டா, பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி), தேங்காய்ப்பால் மிகுந்த குழம்பு ஆகியவற்றை முதல் வாரங்களில் தள்ளி வையுங்கள். கொழுப்பு ஏற்கெனவே மெதுவாக இறங்குவது. குமட்டும் நாளில் உப்புப் போட்ட மட்டை அரிசிக் (கேரளச் சிவப்பரிசி) கஞ்சி சிறு கிண்ணத்தில் போதும்; சுக்குத் தண்ணீர் சிலருக்கு இதமாக இருக்கும். முட்டை, மீன், பயறு, தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். எடையோடு தசையும் கரையும் என்பதால் இதில் கஞ்சத்தனம் கூடாது. சாப்பிட்டதும் படுக்காதீர்கள். கள்ளோ வேறு மதுவோ வேண்டாம்.

படி 5: தண்ணீரை மறக்காதீர்கள்

பசி குறையும்போது பலருக்குத் தாகமும் தெரியாமல் போகிறது. பாலக்காட்டுக் கோடையில் இது ஆபத்து. வாந்தி, பேதியோடு நீரும் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறு மடக்குகளாக நாள் முழுவதும் குடியுங்கள். இஞ்சி தட்டிப்போட்ட சம்பாரம் (நீர்மோர்) நல்லது. பேதி என்றால் ஓ.ஆர்.எஸ்., பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், நடை. தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு இசப்கோல், அதுவும் நிறையத் தண்ணீரோடு.

படி 6: டோஸை அவசரமாக ஏற்றாதீர்கள்

வெகோவி 0.25 மில்லிகிராமிலும் மவுன்ஜாரோ 2.5 மில்லிகிராமிலும் தொடங்குகின்றன. குறைந்தது 4 வாரங்கள் அங்கேயே. உடலைப் பழக்கத்தான் அந்த அளவு. எடை இறங்கவில்லையே என்று தாமாக ஏற்றிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. செமாகுளூடைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். குமட்டல் அடங்காவிட்டால் அதே டோஸில் இன்னும் சில வாரங்கள் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

படி 7: எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலப்பக்க விலாவின் கீழ் வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் என்றால் பித்தப்பை. தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும், சிறுநீர் மிகவும் குறைந்தாலும், பார்வை திடீரென மங்கினாலும் காத்திருக்காதீர்கள். வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 108தான். அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோபியோ நடக்கவிருந்தால் இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினி கிடந்தாலும் வயிற்றில் உணவு மீந்திருக்கலாம்.

ஊசி தவறிவிட்டால்? மவுன்ஜாரோவை 4 நாட்களுக்குள் என்றால் போடலாம், அதற்கு மேல் ஆனால் அடுத்த கிழமைக்குக் காத்திருங்கள். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் போடவே கூடாது. தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் விட்டுப்போனால், பழைய டோஸிலேயே தொடராமல் மருத்துவரை அழைத்துக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.