கல்யாண டிவிடியை கிளாரிட்டி கெடாமல் எம்பி4 ஆக்குவது

பழைய கல்யாண டிவிடியை கன்வெர்ட் செய்ததும் தாலி கட்டும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறதா? சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை. நம் நாட்டு டிவிடி பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி முறை: 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம். வீடியோ கேமராவில் எடுத்ததென்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்டு, அதாவது இரண்டு பாதிப் படம் இருக்கும். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு கணத்தில் பதிந்தவை, இரட்டைப்படைக் கோடுகள் ஐம்பதில் ஒரு நொடி தள்ளிப் பதிந்தவை. அதற்குள் கை நகர்ந்துவிடுவதால்தான் அந்தப் பல்.

ஆகவே முதலில் டீஇன்டர்லேஸ் (இரண்டு ஃபீல்டையும் பிரித்து முழுப் படமாக்குவது), பிறகுதான் அளவு மாற்றுவது. வரிசை மாறினால் பல்லும் படத்தோடு தடித்துவிடும். அப்புறம் எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது.

இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட் சாஃப்ட்வேர் இதற்குப் போதும். டிவிடியில் உள்ள வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, ஃபோல்டராகவே திறக்கவும். அதிலுள்ள விஓபி (VOB) வீடியோ ஃபைல்கள் 1 ஜிபி அளவில் துண்டாக இருக்கும். தனித்தனியாகத் திறந்தால் முகூர்த்தம் பாதியில் அறுந்து நிற்கும்.

ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீஇன்டர்லேஸுக்கு யாடிஃப் (Yadif), பிரீசெட் பாப் (Bob) என்று தேர்வு செய்யவும். இது ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃபிரேமாக்கும் என்பதால் வீடியோ பக்கத்தில் ஃபிரேம்ரேட்டை 50, கான்ஸ்டன்ட் என்று வைக்கவும். 25 என்று விட்டால் அசைவில் பாதி போய்விடும். படம் முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக எடுக்கப்பட்டிருக்கிறது. மினி டிவி (MiniDV) கேமரா டேப்பில் கீழ் ஃபீல்டு (இரட்டைப்படைக் கோடுகள்) முதலில் வரும், டிவிடியில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு.

அடுத்து அளவு. 720 × 576 என்பது கணக்குப்படி 5:4, ஆனால் காட்ட வேண்டியது 4:3. அப்படியே சதுரப் பிக்சலாக மாற்றினால் மாப்பிள்ளை ஒல்லியாகிவிடுவார். வீட்டில் பார்க்க மட்டும் என்றால் 768 × 576 போதும். யூடியூபில் ஏற்றுவதென்றால் அப்ஸ்கேலிங்கை (படத்தைப் பெரிதாக்குவதை) அனுமதித்து 1440 × 1080 ஆக்கவும். அங்கே உயரம் 720-க்குக் கீழே இருந்தால் 50 ஃபிரேம் கிடைக்காது. இதனால் புது விவரம் எதுவும் படத்தில் வந்துவிடாது, இருக்கிற அசைவு தப்பிக்கும், அவ்வளவுதான். விஎச்எஸ் கேசட்டிலிருந்து வந்த டிவிடியானால் அடியில் நெளியும் சில கோடுகளை க்ராப் செய்து வெட்டிவிடலாம்.

வீடியோ என்கோடர் எச்.264, கான்ஸ்டன்ட் குவாலிட்டி ஆர்எஃப் (தர எண்) 18, என்கோடர் பிரீசெட் ஸ்லோ. எண் குறையக் குறைய தரமும் ஃபைல் அளவும் கூடும். 14, 15 என்று இறக்கினால் டேப்பின் இரைச்சலைத்தான் (படத்தில் துள்ளும் புள்ளிகளை) பத்திரமாகச் சேமிப்பீர்கள். இரைச்சல் அதிகம் என்றால் ஃபில்டர்ஸ் பக்கத்தில் இரைச்சல் நீக்கும் என்எல்மீன்ஸ் (NLMeans) லைட் போதும்; ஸ்ட்ராங் போட்டால் மணப்பெண் முகம் மெழுகு பொம்மை. ஆடியோ ஏஏசி, 192 கேபிபிஎஸ்.

முழுசாக ஓட்டுவதற்கு முன் மாலை மாற்றும் இடத்தில் 20 நொடி மட்டும் கன்வெர்ட் செய்து பெரிய திரையில் பாருங்கள். அசைவு அதிகம் உள்ள இடத்தில்தான் குறை தெரியும்.

வந்த எம்பி4 பிடிக்கவில்லை என்றால் அதையே மறுபடி கன்வெர்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் தரம் கழியும். வீடியோ_டிஎஸ் ஃபோல்டரிலிருந்தே மீண்டும் தொடங்கவும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும்.