குவாட் ஈ.எஸ்.எல்: ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால்

1957-இல் வந்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் மாடல் இது: உயர் மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய படலம் அதிர்ந்துதான் இதில் சத்தம் வரும். வேலூரில் வைத்திருப்பவர்களுக்கு எதிரி இரண்டு: கோடைப் புழுதி, ஐப்பசி ஈரம். என்னுடைய ஜோடியில் இடது பக்கம் மெல்லத்தான் பாடியது. சுவிட்ச் போட்டு பல மணி நேரம் ஆன பிறகே சத்தம் ஏறும். பேனல் (படலம் உள்ள ஒலிப் பலகை) போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முதலில் பேனல்களுக்கு மின்னழுத்தம் தரும் உயர் மின்னழுத்தப் பெட்டியைப் பாருங்கள்.

பேஸ் (தாழ் ஒலி) பேனலுக்கு 6,000 வோல்ட், டிரெபிள் (உயர் ஒலி) பேனலுக்கு 1,500 வோல்ட் வர வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இங்கே உதவாது: அதன் 10 மெகாஓம் உள்தடையே மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும். 1 கிகாஓம் (1,000 மெகாஓம்) உள்தடை உள்ள உயர் மின்னழுத்த புரோப் தேவை.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் நிற்கும். 10 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்காமல் கை வைக்கவே கூடாது.

பெட்டியில் மெழுகுக்குள் புதைந்த பழைய ரெக்டிஃபையர்களையும் (ஏ.சி-யை டி.சி ஆக்குபவை) கண்டன்சர்களையும் மொத்தமாக மாற்றினேன். ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவது வீண் வேலை. 3 கிலோவோல்ட் தாங்கும் டயோடும் கண்டன்சரும் போதும். சாலிடர் முனை கூராக இருந்தால் அங்கிருந்தே மின்னூட்டம் காற்றில் கசியும், உருண்டையாக முடியுங்கள். சாலிடர் செய்தபின் ஒட்டியிருக்கும் ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சுத்தமான தேன்மெழுகை உருக்கி ஊற்றுங்கள். அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், நம் ஊர் மே மாதத்தைத் தாங்கும்.

மூடுவதற்கு முன் பேனல் மேல் தூசியைத் தடுக்கும் மெல்லிய உறையில் கிழிசல் இருக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையர் 33 வோல்ட் உச்சத்தைத் தாண்டினால் டிரெபிள் பேனலில் பொறி பறக்கும்.