நின்றுபோன சங்கிலி ரம்பத்தை மீட்டெடுப்பது எப்படி?

பழைய சங்கிலி ரம்பம் ஒன்று கைக்கு வந்ததும் பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அதை மட்டும் செய்யாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஏதோ ஒரு காரணத்தால்தான் நின்றிருக்கும். அந்தக் காரணம் இத்தனை ஆண்டுகளாக உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது. இதை நான் நட்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாங்கிய மூன்றாவது ரம்பம், கார்புரேட்டரைக் கழுவிப் பொருத்தியதும் இரண்டே இழுப்பில் ஓடத் தொடங்கியது. மகிழ்ச்சியில் ஒரு கட்டையை அறுத்தேன். இரண்டாவது கட்டையின் பாதியில் எஞ்சினின் ஒலி திடீரென்று மெலிந்து உயர்ந்து, பிறகு அடங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் ஆழமான கோடுகள். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் ஒருபக்க ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து விறைத்து, அதன் வழியே காற்று புகுந்ததால், பெட்ரோலும் அதனுடன் வரும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகியிருந்தது, அதாவது சிலிண்டரோடு ஒட்டி இறுகியிருந்தது. முந்தைய உரிமையாளரிடம் அது நின்றதற்கும் பெரும்பாலும் அதே சீல்தான் காரணமாக இருந்திருக்கும்.

எதைச் சேகரிப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. இல்லையென்றால் அலமாரி முழுவதும் அரைகுறை எஞ்சின்கள்தான் நிறையும். 1926இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் உருவாக்கிய மின்சார ரம்பம் 64 கிலோ எடை கொண்டது. அதை இயக்க இருவர் வேண்டும். மறுஆண்டே டோல்மார் நிறுவனத்தின் பெட்ரோல் ரம்பம் வந்தது. இவையெல்லாம் அருங்காட்சியகப் பொருள்கள், தொடங்குபவருக்கு உரியவை அல்ல. 1949இல் வந்த மெக்கல்லாக் 3-25, 1959இல் வந்த ஸ்டில் கான்ட்ரா, அதே ஆண்டில் வெளிவந்த ஹஸ்க்வர்னா 90 ஆகியவை ஒருவரே தூக்கி அறுக்கும் காலத்தைச் சேர்ந்தவை. ஆனால் முதல் ரம்பமாக 1970களிலோ 1980களிலோ பெருமளவில் விற்ற ஒரு மாடலைத் தேர்ந்தெடுக்கவே நான் சொல்வேன். அவற்றுக்கு சீலும் பிஸ்டன் ரிங்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாப்ரமும் இன்றும் கிடைக்கின்றன. அரிய மாடலை வாங்கிவிட்டு ஒரே ஒரு கேஸ்கட்டுக்காக (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் மெல்லிய தகடு) இரண்டு ஆண்டுகள் காத்திருப்பது முதல் முயற்சியிலேயே வெறுப்பை உண்டாக்கிவிடும்.

வாங்கும் இடத்திலேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடலாம். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தை மெதுவாகத் தரையிலிருந்து தூக்குங்கள். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு இறங்கினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், இருக்கிறது. வழுவழுவென்று ஒரே போக்கில் இறங்கிவிட்டால் ரிங்கோ பிஸ்டனோ போய்விட்டது. அடுத்ததாக, விற்பவர் அனுமதித்தால் சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்தின் வழியே டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பிஸ்டனின் பக்கச் சுவர் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருக்க வேண்டும். மேலும் கீழுமாகச் செங்குத்துக் கோடுகள் தெரிந்தால், அது எண்ணெய் இல்லாமலோ காற்று புகுந்தோ ஒருமுறை சீஸ் ஆகியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டதையும் வாங்கலாம், ஆனால் உதிரிபாகத்துக்கான விலைக்கு மட்டுமே.

வீட்டுக்கு வந்ததும் பிரிப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். துப்புரவுக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் தூரிகையும் போதும். பல ரம்பங்களின் கிராங்க் கேஸ் மெக்னீசியத்தால் வார்க்கப்பட்டது என்பதால் அமிலம் எதுவும் அதன்மேல் படக் கூடாது. காஸ்டிக் சோடா கலந்த துப்புரவுக் கரைசல் அலுமினியப் பாகங்களை அரித்துவிடும். மெக்னீசியத்தை அரத்தால் தேய்க்கும்போது விழும் பொடி எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது தீயை மேலும் பெரிதாக்கும் என்பதால், அந்த வேலையின்போது பக்கத்தில் உலர்ந்த மணல் வைத்திருங்கள். மிகப் பழைய கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அவற்றை நனைத்துச் சுரண்டி எடுக்க வேண்டுமே தவிர, கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது.

நெருப்புப்பொறி வருகிறதா என்பதை அடுத்துப் பாருங்கள். பழைய மாடல்களில் பிளைவீலுக்கு அடியில் பாயின்ட், அதாவது மின்தொடர்பைத் திறந்து மூடும் சிறு ஸ்விட்ச், இருக்கும். பல ஆண்டுகள் சும்மா கிடந்ததில் அதன் முனைகளில் மெல்லிய படலம் படிந்து மின்சாரத்தைத் தடுத்துவிடும். நுண்ணிய எமரித் தாளால் இருமுறை இழுத்த பிறகு, எண்ணெய்ப் பசை இல்லாத வெள்ளை அட்டையை முனைகளுக்கிடையே வைத்து இழுத்துத் துடைத்தால் பெரும்பாலும் பொறி திரும்பிவிடும். பாயின்ட் முழுவதும் திறந்திருக்கும்போது இடைவெளி ஏறத்தாழ 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், பிளக்குக்கு 0.5 மில்லிமீட்டர் போதும். காயிலுக்கும் பிளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகித் திருகை இறுக்கினால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும்.

கிளட்சைக் கழற்றுவதில்தான் புதியவர்கள் அதிகம் உடைக்கிறார்கள். பெரும்பாலான மாடல்களில் அது இடதுபுரித் திருகு. வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். கிளட்சின்மேல் அம்புக்குறி பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிஸ்டன் நகராமல் பிடிக்க பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவரை விடுபவர்கள் உண்டு. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவதைப் பார்த்த பிறகு எவரும் அதை மறுமுறை செய்ய மாட்டார்கள். அதற்குப் பதிலாக, பிஸ்டன் மேலேறி துவாரங்களை மூடியபின், முடிச்சுப் போட்ட ஒரு முழம் கயிற்றைப் பிளக் துளை வழியே உள்ளே திணித்தால், கயிறு மெத்தை போல நின்று பிஸ்டனைத் தாங்கிக்கொள்ளும்.

இப்போது காற்றுக் கசிவுச் சோதனை. இதைத் தவிர்ப்பவர்களே நான் பட்ட பாட்டைப் படுகிறார்கள். கார்புரேட்டரைக் கழற்றிய இடத்தையும் சைலன்சர் இடத்தையும் ரப்பர் துண்டு வைத்து அடைத்துவிட்டு, டயாப்ரத்துக்கு அழுத்தம் போகும் குழாய் வழியாகக் கைப்பம்பினால் 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள்; குமிழி வரும் இடமே குற்றவாளி. அடுத்து அதே அளவுக்கு உறிஞ்சியும் பாருங்கள், ஏனெனில் உள்ளிருந்து அழுத்தும்போது தண்டோடு ஒட்டிக்கொள்ளும் சீலின் உதடு, உறிஞ்சும்போது விலகிவிடுவதுண்டு. சீல் ரப்பர் விறைத்திருந்தால் சோதனையில் தேறினாலும் மாற்றிவிடுவதே என் வழக்கம்.

சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தால் பதற வேண்டாம். பல நேரங்களில் அது உருகி ஒட்டிய பிஸ்டனின் உலோகம்தான். அடியில் குரோம் பூச்சு முழுதாக இருக்கும். சிலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து அதைக் கரைப்பார்கள். பூச்சில் சிறு வெடிப்பு இருந்தாலும் அமிலம் அடியிலுள்ள அலுமினியத்தைத் தின்றுவிடும் என்பதால் நான் எமரித் தாளும் பொறுமையுமாகவே இதைச் செய்கிறேன். சுவரில் நகத்தை ஓட்டும்போது எங்கும் தட்டாமல் இருந்தால் சிலிண்டர் பிழைத்தது. புதிய பிஸ்டனைப் பொருத்தும்போது அதன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் இருக்கட்டும்.

கார்புரேட்டருக்குப் புதிய டயாப்ரமும் கேஸ்கட்டும், டேங்கினுள்ளே புதிய குழாயும் வடிகட்டியும் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, பழைய ரப்பரையும் கெடுத்திருக்கும். வெளிப்பூச்சைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: தேய்ந்திருந்தாலும் தொழிற்சாலைப் பெயின்ட்டை விட்டுவிடுங்கள். கைபட்டு வழுவழுப்பான பிடியையும் மங்கிய எழுத்துகளையும் புதுப் பூச்சு மறைத்துவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது.

சங்கிலிக்கு வருவோம். 1940களின் பிற்பகுதியில் ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடையும் வண்டுப் புழு தன் வாயால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவுவதைக் கவனித்து, அதே முறையில் வெட்டும் பற்களை வடிவமைத்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அந்த வழிவந்தவையே. அதற்கு முந்தைய, கைரம்பம் போன்ற பற்களுடைய சங்கிலி கிடைத்தால் எண்ணெய் பூசி எடுத்து வைத்துவிட்டு, அறுப்பதற்கு வேறொன்றைப் பயன்படுத்துங்கள். 3/8 அங்குலச் சங்கிலிக்கு 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரமும், .404 அங்குலத்துக்கு 5.5 மில்லிமீட்டர் அரமும் பொருந்தும்.

பெட்ரோலில் எண்ணெய்க் கலவை பற்றிப் பழைய மூடிகளில் 16:1, 20:1 என்றெல்லாம் எழுதியிருக்கும். அவை அக்கால எண்ணெய்களுக்கானவை. இன்றைய தரமான டூ ஸ்ட்ரோக் எண்ணெயை நான் பழைய எஞ்சின்களில் 32:1 என்ற அளவில், அதாவது ஒரு லிட்டருக்கு 31 மில்லி, கலக்கிறேன். முதல் ஓட்டத்தைத் திறந்த வெளியில் வையுங்கள். கார்புரேட்டரின் இரு திருகுகளையும் (குறைவேகத்துக்கு ஒன்று, அதிவேகத்துக்கு ஒன்று) மென்மையாக மூடி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். முழு வேகத்தில் சுமையில்லாமல் ஓடும்போது ஒலியில் சற்றே கரகரப்பு இருக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அது தெளிய வேண்டும். சுமையில்லாமலேயே கூர்மையாகப் பாடினால் பெட்ரோல் குறைவு. உடனே நிறுத்தி, அதிவேகத் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஐடிலிங்கில் சங்கிலி நகரவே கூடாது.

பழைய ரம்பங்கள் பலவற்றில் சங்கிலியை நொடியில் நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது. சங்கிலி ஓடும் நீளத் தகடான பாரின் முனையின் மேற்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். அப்போது தடுக்க ஒன்றுமே இருக்காது. தலைக்கவசம், காதுமூடி, வெட்டுத்தாங்கும் காற்சட்டை இல்லாமல் இயக்காதீர்கள், முனையால் ஒருபோதும் அறுக்காதீர்கள்.

எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கயிற்றை மெதுவாக இழுத்து, கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் பிஸ்டனை நிறுத்தினால் துவாரங்கள் மூடியிருக்கும். ஈரம் உள்ளே போகாது. கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டி, சீலின் அளவு, பாயின்ட் இடைவெளி, கலவை விகிதம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். என் சீட்டுகளில் முதல் வரியாக எப்போதும் நான் எழுதுவது, அந்த ரம்பம் என்னிடம் வரும்போது எதனால் நின்றிருந்தது என்பதைத்தான்.