தொட்டபெட்டா போகும் முன் பரங்கிமலை ஏறுங்கள்

ஊட்டிக்குப் போகும் சென்னைவாசிகள் தொட்டபெட்டா உச்சியில் சற்று நேரம் நிற்பார்கள். மேகம் மறைத்துவிட்டது என்று புலம்பிவிட்டு இறங்கிவிடுவார்கள். 2,637 மீட்டர் உயரச் சிகரத்தில் மேகம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? மேகத்தால் மறைக்க முடியாதவை காலடியிலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்க்கப் பழக, புறப்படும் முன் ஒரு காலையில் சென்னையிலுள்ள பரங்கிமலை ஏறுங்கள். நான் பல்லாவரத்துக்காரன், கல் விஷயத்தில் என் பேச்சைக் கேட்கலாம்.

படியோரப் பாறையில் வெயில் மழை படாத முகத்தைத் தேடுங்கள். சுத்தியல் வேண்டாம், கண் போதும். கறுப்பில் பச்சை கலந்த நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம், நீலச் சாயலில் குவார்ட்ஸ் என்னும் கனிமம். இதுதான் சார்னோக்கைட். கல்கத்தாவில், அந்நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல்லும் இந்த வகைதான். அதை வைத்துத்தான் புவியியலாளர் ஹாலண்ட் பெயர் சூட்டினார். எங்கள் ஊர்க் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

நீலகிரியின் அடித்தளமும் இதே குடும்பப் பாறைதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெந்து உருவானது. ஆனால் அங்கே ஈரம் அதைத் தின்றுவிட்டதால் கல்லைவிடச் செம்மண்தான் அதிகம் தெரியும். ஊட்டி–கோத்தகிரி சாலையில் மண் வெட்டப்பட்ட சரிவுகளைக் கவனியுங்கள்: செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். அவை சிதையாமல் மிஞ்சிய பாறையின் உட்கருக்கள். புதிதாக உடைந்த துண்டு கிடைத்தால் கார்னெட் என்னும் கனிமத்தின் செம்புள்ளிகளைத் தேடுங்கள்.

அடுத்து மரங்கள். உயர்ந்து நேராக நிற்கும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. அவற்றைக் காடு என்று எண்ணிவிடாதீர்கள். இம்மலையின் சொந்தக் காடான சோலையின் மரங்கள் குட்டையானவை, முறுக்கிக்கொண்டவை. உச்சி வட்டமாகக் கவிந்திருக்கும், கிளைகளில் பாசியும் லைக்கனும் படர்ந்திருக்கும். நீர் தங்கும் மடிப்புகளில் சோலை, திறந்த சரிவில் புல்வெளி என்பதுதான் இம்மலையின் பழைய ஏற்பாடு. சரிவில் உறைபனியும் காற்றும் தீயும் மரக்கன்றுகளை எளிதில் பிழைக்க விடுவதில்லை.

சோலையோரத்தில் காட்டுப்பூவரசை (ரோடோடெண்ட்ரான்) தேடுங்கள். கரடுமுரடான பட்டை, தடித்த இலை, குளிர்காலக் கடைசியில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூ. இந்தியாவுக்குள் இதன் நெருங்கிய உறவினரைக் காண இமயமலைப் பக்கம்தான் போக வேண்டும். இடைப்பட்ட சமவெளியில் ஒன்றுகூட இல்லை. பூத்த மரத்தைக் கண்டால் காட்சிமேடையை மறந்துவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

மழையைப் பொறுத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். இத்தொடருக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை வலுவாகப் பெய்யும். கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் முக்கியம். ஆகவே தை, மாசி நல்லது, பூவும் இருக்கும். இரவு ரயிலில் மேட்டுப்பாளையம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, எனவே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.