இகுவானாவைத் தாக்கும் மைட் பூச்சிகள்: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லியை வளர்ப்பவர்களில் பலர், அதன் குருதியை உறிஞ்சும் நுண்ணிய ஒட்டுண்ணியான மைட் பூச்சியை முதலில் அழுக்கு என்றே நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். கண்ணிமை ஓரத்திலும், கழுத்தின் கீழே தொங்கும் தோல் மடிப்பிலும், முன்னங்கால் இடுக்கிலும், மலத்துவாரத்தைச் சுற்றியும் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கருப்பாகவோ செம்பழுப்பாகவோ புள்ளிகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத உயிருள்ள பூச்சிகளாக இருக்கக்கூடும். ‘பாம்பு மைட்’ என்று அழைக்கப்படும் ஒபியோநிசஸ் நேட்ரிசிஸ் பாம்புகளோடு நின்றுவிடுவதில்லை. பல்லியினங்களின் குருதியையும் உறிஞ்சுகிறது. இகுவானாக்களில் ஹிர்ஸ்டியெல்லா என்னும் செந்நிறப் பூச்சியும் காணப்படுகிறது.

இன்ன பூச்சி என்று உறுதிசெய்துகொள்ளாமல் மருந்தைத் தேடி ஓடுவதுதான் முதல் தவறு. ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சியால் கழுத்து மடிப்பின் உட்புறத்தை மெதுவாகத் தடவி, அதை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளி நகர்ந்தாலும், நசுக்கும்போது செம்பழுப்புக் கறை படிந்தாலும் ஐயத்துக்கு இடமில்லை. பிராணி வழக்கத்துக்கு மாறாக நீர்த் தொட்டியிலேயே நெடுநேரம் கிடப்பதும், அந்த நீரின் அடியில் கரும்புள்ளிகள் தேங்குவதும், செதில்களின் மேல் பூச்சிகளின் கழிவு வெண்தூளாகப் படிவதும் இதையே காட்டும். மாறாக, ஈரமான தேங்காய் நார்த்துகளில் மட்டும் வெளிறிய நிறத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டு, பிராணியின் உடலில் ஏறாமல் இருப்பவை அழுகல் பொருளைத் தின்று வாழும் வேறு வகைகள்; அவற்றுக்காக இகுவானாவின் மேல் மருந்து தெளிப்பது வீண் வேலை மட்டுமன்று, ஆபத்தும்கூட.

பிராணிக்கு மட்டும் சிகிச்சை அளித்துவிட்டுக் கூண்டை மறந்துவிடுவதே எல்லாவற்றையும்விடப் பரவலான தவறு என்பேன். பாம்பு மைட்டின் பெண் பூச்சி குருதி குடித்ததும் உடலை விட்டு இறங்கி, இருளும் ஈரமும் உள்ள இடுக்கில் போய் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் முதற்பருவம் குருதி குடிப்பதே இல்லை. ஆகவே உடலில் ஒரு பூச்சிகூட இல்லாத நாளிலும் கூண்டுக்குள் அடுத்த தலைமுறை வளர்ந்துகொண்டிருக்கும். சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை முழுப்பூச்சியாவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் போதும். நம் ஊரில் அந்த வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியிலும் தானாகவே கிடைத்துவிடுகிறது. நார்த்துகள், மரப்பட்டை போன்ற படுக்கைப் பொருள்களை நெகிழிப் பையில் இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்திவிட்டு, அச்சில்லாத வெள்ளைத் தாளை விரித்து நாள்தோறும் மாற்றுவது நல்லது. கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் விளிம்பு, நகரும் கதவின் தடம், வலையைப் பொருத்திய சட்டத்தின் உட்பக்கம் ஆகிய மூன்று இடங்களைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பிராணியை வேறு பெட்டிக்கு மாற்றியபின் அவ்விடங்களைக் கொதிக்கும் சூட்டிலுள்ள நீரால் கழுவி, முற்றிலும் உலரவிட வேண்டும். விரிசல் விட்ட மரக்கிளைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றைத் துறந்துவிடுவதே மேல்.

பூச்சியைவிட மருந்தே பிராணியைக் கொன்றுவிடும் நிலை சுயமருத்துவத்தில் எளிதில் நேர்கிறது. ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊர்வன மருத்துவத்தில் பயன்படும் மருந்துதான். ஆனால் கால்நடை மருந்துக் கடையில் கிடைப்பது மாடு, ஆடுகளுக்கான 1 சதவீத ஊசி மருந்து. அதில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. பல்லிகளுக்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கணக்கிடும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்பதால், அரைக் கிலோ எடையுள்ள இகுவானாவுக்கு அது ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்காகிறது. சாதாரண ஊசிக் குழலில் அந்த அளவைப் பிழையின்றி எடுக்கவே முடியாது என்பதோடு, சில பல்லியினங்கள் சரியான அளவையே தாங்குவதில்லை. அதே வீட்டில் ஆமை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும், ஏனெனில் ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு உயிர்க்கொல்லி.

நாய்களுக்கான உண்ணி மருந்துகளும் இத்தகையவையே. ஃபிப்ரோனில் தெளிப்பு மருந்தை மருத்துவர் பரிந்துரைத்தால் அதைத் துணியில் நனைத்து மெல்லத் துடைக்கச் சொல்வார். அதில் கலந்துள்ள ஆல்கஹால் சிறிய உடலைக் குளிரவைத்துத் தோலையும் எரிக்கும் என்பதால் நேரடியாகப் பீய்ச்சுவது தவறு. நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தையோ, டைக்ளோர்வாஸ் பூசிய பூச்சிக்கொல்லிப் பட்டையையோ மூடிய தொட்டிக்குள் பயன்படுத்தினால் நரம்பு பாதித்து நடுக்கமும் வலிப்பும் வரலாம். மண்ணெண்ணெய், கற்பூரம், பினாயில் ஆகியவற்றைப் பற்றி விளக்கவே தேவையில்லை. ஆனால் வேப்பெண்ணெய் இயற்கையானது, ஆகவே தீங்கில்லாதது என்ற நம்பிக்கைதான் கவலை தருகிறது. உடல் முழுவதும் பூசிய எண்ணெய் தூசியை ஈர்த்துக்கொண்டு எளிதில் நீங்காமல் ஒட்டிக்கொள்ளும். கூண்டில் ஒளிந்துள்ளவற்றை அது எட்டுவதுமில்லை. எந்த மருந்தைக் கூண்டில் தெளித்தாலும் நீர்க் கிண்ணத்தை முதலில் வெளியே எடுத்துவிட்டு, கூண்டு உலர்ந்து வாடை நீங்கிய பின்னரே பிராணியையும் கிண்ணத்தையும் திரும்ப வைக்க வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் அமரவைப்பது பயன் தரும். பல பூச்சிகள் மூழ்கிவிடும். எனினும் எஞ்சியவை தலைக்கும் கண்ணோரத்துக்கும் ஏறித் தப்பிவிடுவதால், குளியலையே முழுச் சிகிச்சையாக நம்ப முடியாது. சோர்ந்த பிராணியை ஆழமான நீரில் தனியே விட்டுச் செல்வதும், குளித்தபின் ஈரத்தோடு மின்விசிறிக் காற்றில் வைப்பதும் கூடாது.

நோயுற்ற இகுவானாவுக்கு மருந்தைவிட முதலில் தேவைப்படுவது வெப்பம். தற்காலிகப் பெட்டிக்கு மாற்றும்போது விளக்கை மறந்துவிடுகிறார்கள். வெயில் காயும் இடத்தில் 35 டிகிரிக்குக் குறையாத வெப்பமும், புற ஊதாக் கதிர் தரும் வழக்கமான யுவிபி விளக்கும் அங்கேயும் இருக்க வேண்டும். உடல் குளிர்ந்து, நீர்ச்சத்து குறைந்த நிலையில் உணவை வாயில் திணித்தால் அது செரிக்காமல் தங்கிவிடும். அரைகுறையாக உரிந்த தோலைப் பிய்த்து எடுப்பதும் புண்ணையே உண்டாக்கும். வாயின் உட்புறம் இளஞ்சிவப்பு மாறி வெளுத்திருந்தால் குருதி பெருமளவு குறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. நாய், பூனைகளை மட்டுமே பார்க்கும் மருத்துவரா, ஊர்வனவற்றையும் பார்ப்பவரா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, பிராணியின் எடையைக் கிராமில் குறித்து எடுத்துச் செல்வது மருந்தளவைக் கணக்கிட உதவும்.

கவனித்து முடித்த கையோடு அடுத்த கூண்டைத் தொட வேண்டாம். மைட் உடையிலும் கையிலும் ஏறிப் பயணம் செய்யும், சில வேளைகளில் நம்மையே கடித்து அரிக்கும் தடிப்புகளை உண்டாக்கும். கிண்ணங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவினால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி பரவவும் வாய்ப்புண்டு. பாம்பு மைட்டின் முழுப்பூச்சி 40 நாள் வரை வாழக்கூடியது என்பதால், இரண்டு வாரம் ஒன்றும் தென்படவில்லை என்று மகிழ்ந்து பழைய படுக்கையையும் புதிய கிளைகளையும் கூண்டுக்குள் கொண்டுவருவது அவசரமாகும். கடைசிப் பூச்சியைக் கண்ட நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதமாவது வெறும் தாளையே விரித்து, வாரந்தோறும் பஞ்சுக்குச்சிச் சோதனையைத் தொடருங்கள்.