வால் பிராக்கெட்டில் விரிசல் தேடுவதற்கு முன் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்தை ஓட்டுபவர்கள் 12 மாதத்துக்கு ஒருமுறை கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன் (விமானத்தின் நிலையைப் பார்க்கும் ஆய்வு) முடித்து லாக் புத்தகத்தில் பதிய வேண்டும். கட்டியவரே அந்த விமானத்துக்கான ரிப்பேர்மேன் சான்றிதழ் வைத்திருந்தால் அவரே பார்த்துக் கையெழுத்துப் போடலாம். இன்னொருவர் கட்டியதை விலைக்கு வாங்கியவர் என்றால் பெரும்பாலும் லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டு மெக்கானிக்காக நான் போகிற ஹேங்கர்களில் ஒவ்வொரு வருடமும் அதே காட்சிதான். எஞ்சினுக்கு நாள் கணக்கில் நேரம் கொடுப்பார்கள். வாலுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியிலும், நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் அப்படியே செய்கிறார்கள்.

வெளிச்சம் போதாமல் பார்ப்பது, செக்லிஸ்ட் இல்லாமல் ஆரம்பிப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

வால் இணைப்பை மூடியிருக்கும் உறையான ஃபேரிங்கைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்ப்பது

கழற்றுங்கள்.

பறந்த மணிக்கணக்கை வைத்து நிம்மதி அடைவது

"இன்னும் 300 மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன விரிசல் வரப்போகிறது?" என்று கேட்பார்கள். உலோகச் சோர்வு மணிக்கணக்கைப் பார்த்து வருவதில்லை. சுமை எத்தனை தடவை ஏறி இறங்கியது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஏறியது என்பதைப் பொறுத்து வருகிறது. நம் விமானங்களில் பெரும்பாலும் இருக்கும் 2024-டி3 அலுமினியத்துக்கு, "இதற்குக் கீழே எத்தனை தடவை ஆட்டினாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்ல ஒரு எல்லை கிடையாது. ஸ்டீலுக்கு ஏறத்தாழ அப்படி ஓர் எல்லை உண்டு, அதுவும் துருவும் கீறலும் இல்லாதவரைக்கும்தான். அலுமினியத்தில் சின்ன ஆட்டங்களும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

வாலுக்கு இந்த ஆட்டம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பாருங்கள். ப்ரொப்பெல்லர் அடித்துத் தள்ளும் சுழல்காற்று நேராக ஸ்டெபிலைசர் (வாலில் இருக்கும் சின்ன இறக்கை) மேல் மோதுகிறது. விமானம் நிற்கும்போது எஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றிச் சோதிக்கிற நேரத்தில்கூட வால் அதிர்கிறது. அந்த நேரத்தில் பாதி மணிக்கணக்கிலேயே வராது. வால்சக்கர விமானத்தைப் புல்தரையில் ஓட்டினால் ஒவ்வொரு மேடு பள்ளமும் வாலை உடலோடு பிணைக்கும் பின்பக்க பிராக்கெட்டுகளுக்குத்தான் போய்ச் சேரும். ஏரோபாட்டிக்ஸ் செய்தால் கதையே வேறு. விமானத்தை விலைக்கு வாங்கும்போது மணிக்கணக்கைக் கேட்பதோடு நிறுத்தாமல், எப்படிப்பட்ட ஓடுதளத்தில் ஓடியது, எவ்வளவு கரணம் அடித்தது என்றும் கேளுங்கள்.

தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு டை பெனட்ரன்ட் போடுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம் வரவழைக்கிற தவறு. செய்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. அக்கறையாக, வியர்வை சிந்தி, தப்பாகச் செய்கிறார்கள்.

டை பெனட்ரன்ட் முறை எளிமையானது. சுத்தம் செய்த பாகத்தின் மேல் சிவப்புச் சாயத் திரவத்தைப் பூசுகிறோம். அது மெல்லிய விரிசலுக்குள் தானாக இறங்கும். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தூவுகிறோம். விரிசலுக்குள் மிச்சமிருக்கும் சாயத்தை அந்த வெள்ளைப் பொடி வெளியே இழுக்கும். வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். இதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின்பேரில்தான் நடக்கிறது. விரிசலின் வாய் திறந்திருக்க வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர் என்ன செய்கிறார்? பிராக்கெட்டில் பெயின்ட் இருக்கிறது, எடுக்க வேண்டும். கையில் உப்புத்தாள் இருக்கிறது, அல்லது டிரில்லில் மாட்டிய கம்பி பிரஷ். அலுமினியம் மிருதுவானது, தேய்க்கும்போது மேல்தோல் கொஞ்சம் நகர்ந்து விரிசலின் வாய்மேல் படிந்துவிடுகிறது. சுவர் வெடிப்பின்மேல் சுண்ணாம்பு பூசிய மாதிரி. அப்புறம் எவ்வளவு நல்ல சாயம் வாங்கிப் பூசினாலும் உள்ளே போக வழியில்லை. டெவலப்பர் தூய வெள்ளையாக நிற்கும். "விரிசல் இல்லை" என்று லாக்கில் எழுதுவார்கள். சோதிக்காமலே விட்டிருந்தால்கூட அடுத்த ஆள் சந்தேகத்தோடு பார்த்திருப்பார். இப்போது அந்தச் சந்தேகத்தையும் கையெழுத்துப் போட்டு மூடியாகிவிட்டது.

இரண்டு பேர் உட்காரும் ஓர் அலுமினிய விமானம். விலைக்கு வாங்கியவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். முந்தைய வருடத்துப் பதிவில் ஸ்டெபிலைசர் இணைப்புகளுக்கு டை பெனட்ரன்ட் செய்ததாகவும் எல்லாம் சரியாக இருப்பதாகவும் எழுதியிருந்தது. ஃபேரிங்கைக் கழற்றினேன். முன்பக்க பிராக்கெட் கண்ணாடிபோல் மின்னியது. பக்கத்தில் சாய்த்து வெளிச்சம் அடித்தால் ஒரே திசையில் போகும் நுண்ணிய கீற்றுகள், உப்புத்தாள் ஓடிய தடம். போல்ட் தலைக்குக் கீழே, வாஷரின் ஓரத்தில், எண்ணெயில் குழைந்த கரிபோல ஒரு கறுப்புக் கோடு. அலுமினியமும் அலுமினியமும் உரசினால் வரும் பொடி அது. தேய்த்தவர் பளபளப்பாக்கிய பிறகு அது மறுபடி வந்திருக்கிறது. அப்படியானால் அந்த இணைப்பு அசைகிறது. அசைகிற இணைப்பில் விரிசல் இல்லை என்று அந்தப் பதிவை நம்பி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எடி கரன்ட் கருவி வைத்திருக்கும் ஒருவரை வரவழைத்தோம். அது மின்காந்த முறையில் பார்ப்பதால் வாய் மூடியிருந்தாலும் விரிசல் சிக்கும். போல்ட் துளையின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல், ஒரு பயற்றம்பருப்பின் நீளம் இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோதும், எங்கே என்று தெரிந்த பிறகுதான் கண்ணுக்குப் பட்டது. அந்த ஒரு வருடம் முழுக்க அவர் அதில் மனைவியை ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறார். வாலை இறக்கி, பிராக்கெட்டை மாற்றி, துளைகளைச் சரிபார்த்து முடிப்பதற்குள் கோடைக்காலம் போய்விட்டது. முந்தைய ஆய்வில் ஒரு டப்பா பெயின்ட் ரிமூவர் வாங்கியிருந்தால் விரிசல் இன்னும் சின்னதாக இருக்கும்போதே தெரிந்திருக்கும்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? பெயின்ட்டை கெமிக்கல் ரிமூவர் போட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். ஃபைபர் பாகங்களிலும் கேனப்பியிலும் (விமானி இருக்கையின் மேல்மூடி) அது படாமல் மூடிவையுங்கள், அரித்துவிடும். பிறகு கிரீஸ் போகத் துடைத்துக் காயவிடுங்கள். விரிசலுக்குள் சால்வன்ட் நின்றால் சாயம் இறங்காது. ஊறும் நேரத்தை டப்பாவில் போட்டிருக்கிறபடி விடுங்கள். ஹேங்கர் குளிர்ந்து கிடந்தால் இன்னும் கூட விட வேண்டும். சாயத்தைத் துடைக்கும்போது சாயம் நீக்கும் ரிமூவரைப் பாகத்தின்மேல் நேராக அடிக்காதீர்கள். விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். பிசிறில்லாத துணியில் நனைத்துத் துடையுங்கள். டெவலப்பர் போட்டதும் டீ குடிக்கப் போகாமல் அங்கேயே நில்லுங்கள். கோடு முதலில் எந்த இடத்தில், எவ்வளவு மெல்லியதாக எழுகிறது என்பதுதான் விரிசலின் உண்மையான வடிவம். நேரமாக ஆக அது பரவிக் கறையாகிவிடும்.

ஏற்கெனவே யாராவது தேய்த்துவைத்த பாகம் என்று தெரிந்தால் சாயத்தை நம்ப வேண்டாம். எடி கரன்ட்டுக்குப் போங்கள். இன்னொன்று: சிவப்புச் சாயம் ஒருமுறை போட்ட இடத்தில் பிற்பாடு புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் சாயத்தைப் போட்டால், உள்ளே மிச்சமிருக்கும் சிவப்பு அந்த ஒளிர்வை மங்கவைத்துவிடும். அடுத்து வருகிறவருக்குத் தெரிய, எந்த வகைச் சாயம் போட்டீர்கள் என்றும் லாக்கில் எழுதுங்கள்.

தளர்ந்த போல்ட்டைப் பார்த்ததும் இறுக்கிவிடுவது

கை தானாக ரெஞ்சுக்குப் போகும். போகவிடாதீர்கள். ஏன் தளர்ந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல், இறுக்கிய அந்த நொடியில் அது அழிந்துவிடும். போல்ட்டை வெளியே எடுத்துத் தண்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மினுக்கம் இருந்தால் துளை நீள்வட்டமாகிவிட்டதா என்று பாருங்கள். விரிசல் பெரும்பாலும் துளையின் உள்சுவரிலிருந்துதான் ஆரம்பிக்கும், போல்ட் உள்ளே இருக்கும்வரை அது தெரியவே தெரியாது.

திரும்பப் போடும்போது கைக்கணக்கு வேண்டாம். விமானங்களில் சாதாரணமாகப் போடும் ஏஎன்3 வகை போல்ட்டுக்கு வழக்கமான இறுக்க அளவு 20 முதல் 25 இன்ச்-பவுண்டு. தானாகக் கழலாதபடி பிடித்துக்கொள்ளும் செல்ஃப்-லாக்கிங் நட் என்றால், அது சும்மா சுற்றுவதற்கே பிடிக்கிற இறுக்கத்தை முதலில் அளந்து அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

"நாலு போல்ட் இருக்கிறதே, ஒன்று போனால் மூன்று தாங்காதா?"

1977 மே 14 அன்று, டான்-ஏர் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் ஒன்று ஜாம்பியாவின் லுசாகாவில் இறங்க வந்தபோது அதன் வலப்பக்க ஸ்டெபிலைசர் வானத்திலேயே பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். பின் ஸ்பாரின் (ஸ்டெபிலைசருக்குள் நீளவாக்கில் ஓடிச் சுமை தாங்கும் உத்தரம்) மேல்பட்டையில் உலோகச் சோர்வால் விரிசல் வளர்ந்திருந்தது. ஒரு பகுதி உடைந்தால் மற்றது தாங்கும்படி வடிவமைத்த வால்தான் அது. முதலில் உடைவதை ஆய்வில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதை நம்பித்தான் அந்த வடிவமைப்பே. கண்டுபிடிக்கவில்லை.

பெரிய கம்பெனி பொறியாளர்கள் கணக்குப்போட்டுச் செய்த வாலே அப்படி என்றால், நம் கேரேஜில் துளையிட்ட நாலு போல்ட்டும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று யார் சொன்னது?

ஸ்டீல் குழாய் வாலில் வெல்டை மட்டும் பார்ப்பது

வெல்டின் ஓரத்தைப் பாருங்கள், சூட்டில் பதம் மாறிய பகுதி அங்கேதான் இருக்கிறது.

வாலை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்புவது

வாடகை விமானத்தில் கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம். இழுவைக் கம்பி வாங்குங்கள்.

கோடு தெரிந்ததும் டிரில்லை எடுப்பது

விரிசலின் முனையில் ஒரு துளை போட்டால் அது மேலே ஓடாது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் முனை எது? கண்ணுக்குத் தெரிகிற முனையைத் தாண்டியும் விரிசல் ஓடியிருக்கும். முனையைத் தப்பவிட்டுப் போட்ட துளை, இருக்கிற உலோகத்தையும் குறைப்பதோடு சரி. 2014 ஜனவரியில், நாமே கட்டிக்கொள்ளும் விமானங்களுக்கான கிட் விற்கும் வேன்ஸ் நிறுவனம் ஆர்வி-6, ஆர்வி-7, ஆர்வி-8 விமானங்களின் ஸ்டெபிலைசர் முன் ஸ்பாரில் வரும் விரிசல்களுக்காக சர்வீஸ் புல்லட்டின் வெளியிட்டது. எங்கே பார்ப்பது, என்ன இருந்தால் எப்படிப் பழுதுபார்ப்பது என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் விமானத்துக்கு அப்படி ஒன்று இருந்தால் அதில் சொல்லாத எதையும் செய்ய வேண்டாம். இல்லையென்றால் வடிவமைத்தவருக்குப் படம் அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை விமானம் தரையில் நிற்கட்டும்.

அதற்கு முன் விரிசலின் இரண்டு முனையையும் ஃபெல்ட் பேனாவால் குறியுங்கள். பென்சில் வேண்டாம், அதன் கரி அலுமினியத்தை அரிக்கும். ஊசியால் கீறினால் அடுத்த விரிசல் அங்கிருந்தே கிளம்பும். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, தேதியையும் மணிக்கணக்கையும் எழுதிவையுங்கள். பிறகு, இன்னும் கழற்றாமல் இருக்கும் எதிர்ப்பக்க பிராக்கெட்டையும் கழற்றுங்கள். இரண்டும் ஒரே சுமையை, ஒரே அளவு காலம் தாங்கியவை.